வஞ்சிரத்துக்கு லூரா, முரலா?

படகை ஓட்டியபடியே தூண்டில் இழுத்து வஞ்சிரம் பிடிக்கப் போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. முன்னால் உதடு போன்ற தகடு வைத்த பிளாஸ்டிக் லூர் (போலி மீன்) வாங்கலாமா, முரல் மீனைத் தூண்டில் முள்ளில் கோத்து விடலாமா?

செலவு: லூர் விலை அதிகம், கடலடிப் பாறையில் சிக்கி அறுந்தால் மொத்தமும் போச்சு. முரல் மலிவு, ஆனால் ஒவ்வொரு கடிக்கும் புதிது வேண்டும், ஐஸும் வேண்டும்.

வேகம்: லூரை 5, 6 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் தாராளமாக இழுக்கலாம். முரலுக்கு 3, 4 போதும், மீறினால் சதை பிய்ந்துவிடும்.

உழைப்பு: லூரைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. முரலில்தான் கைப்பக்குவம். வாயை இறுக மூடிக் கட்டி, முள்ளை வயிற்றின் நடுக்கோட்டில் வெளியே எடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பம்பரமாகச் சுற்றி தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) முறுக்கிவிடும். வஞ்சிரம் பெரும்பாலும் வால் பக்கத்தை நறுக்கிக்கொண்டு போய்விடும், அதனால் பின்னால் இன்னொரு முள் கட்டாயம். படகோரமாக இழுத்து, நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே தங்கூசியை விடுங்கள்.

அப்புறம், வஞ்சிரத்தின் பல் தங்கூசியை அறுத்துவிடும், அதனால் லூர், முரல் இரண்டிலும் முள்ளை ஒட்டிக் கம்பி தேவை.

மீன் எங்கே என்று தெரியாமல் அகலமாகத் தேடும்போது லூர்தான் சரி. மீன் இருக்கும் இடம் தெரிந்தும் லூரைச் சீண்டவில்லை என்றால், வேகத்தைக் குறைத்து முரலை விடுங்கள். புதியவர்களுக்கு என் ஓட்டு லூருக்கே.