சுவர்க்கோழி மாவு: 14 நாள், இரண்டு பாக்கெட்

2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தபோதே ஆசை வந்தது. கைக்கு வர இத்தனை நாளாயிற்று. 200 கிராம் பாக்கெட் 26 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெயரைக் கேட்டுவிட்டு, "கோழியில் இது என்ன வகை?" என்றார் மாமியார். சுவரிடுக்கில் ராத்திரி கிரீச்சிடுமே, அதுதான் என்றேன். அப்புறம் என் சமையலறைப் பக்கமே அவர் வரவில்லை.

வாங்கியது வயிற்றுக்காக. 2018-இல் வெளியான விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 20 பேருக்குத் தினம் 25 கிராம் வீதம் இரண்டு வாரம் இந்த மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிஃபிடோ வகை நல்ல பாக்டீரியா ஒன்று குடலில் 5.7 மடங்கு கூடியிருந்தது. பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டின் நமக்குச் சரியாகச் செரிக்காத நார். அது அந்தக் கிருமிகளுக்குத் தீனியாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 20 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனால் என் பாக்கெட்டில் "குடலுக்கு நல்லது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு வேளைக்கு 10 கிராம் போதும் என்கிறார்கள். எந்தக் கணக்கு இது? நான் 25 கிராமே எடுத்தேன். அதனால்தான் இரண்டு பாக்கெட்.

ருசி? வறுத்த வேர்க்கடலைத் தோலும் கருவாட்டுக் கூடையும் சேர்ந்த வாசனை. கேழ்வரகுக் கஞ்சியில் கலந்தால் மண் மாதிரி அடியில் தங்கும். தோசை மாவில் கலந்தால் பழுப்பு நிறம், மொறுமொறுப்பு நன்றாகவே வந்தது. முதல் மூன்று நாள் வயிறு உப்புசம். பிறகு சரியாகிவிட்டது. காலையில் கழிவறையில் காத்திருக்கும் நேரம் குறைந்தது உண்மை. அது பூச்சியாலா, அந்த வாரங்களில் காப்பியைக் குறைத்ததாலா, சொல்லத் தெரியவில்லை.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரிப் புரதம். அந்த எச்சரிக்கை பாக்கெட்டின் பின்புறம் எறும்பு எழுத்தில் இருக்கிறது. என் கணவருக்கு இறால் ஆகாது என்பதால் தோசைக்கல்லைக்கூடத் தனியாக வைத்தேன்.

ஊரில் மழை விட்ட சாயங்காலம் விளக்கடியில் ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு தின்ற எனக்கு அருவருப்பெல்லாம் இல்லை. விலைதான் உறுத்துகிறது. மிச்சமிருந்த 50 கிராமைப் பூண்டும் மிளகாயும் சேர்த்து இட்லிப் பொடியாக இடித்தேன். முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம்.