பிபிஇ கவச உடை: திரவம் புகாது, ஆளை வாட்டும்

கொரோனா வார்டுகளில் போட்ட, லேமினேட் செய்த (பிளாஸ்டிக் படலம் ஒட்டிய) ஒற்றைத்துண்டு கவச உடை, திரவத்தைத் தடுக்கும் தன் முதல் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. தையல்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசித்துளை வழியேதான் திரவம் கசியும். 2020-இல் கோவையின் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) ஆய்வகம் செயற்கை இரத்தத்தைச் செலுத்திச் சோதித்ததும் இந்தக் கசிவைத்தான். வாங்கும்போது அக்குளிலும் கவட்டையிலும் டேப்பை இழுத்துப் பாருங்கள். குனிந்து நிமிரும்போது அங்கேதான் முதலில் விடும்.

குறையெல்லாம் உள்ளே இருப்பவருக்கு. திரவம் புகாத துணியில் வியர்வையும் வெளியேறாது. கொஞ்ச நேரத்திலேயே உள்ளே தொப்பலாக நனைந்துவிடும். கண்ணாடியில் ஆவி படியும். ஊசி போட நரம்பு தேடும் கை தடுமாறும். கழிப்பறைக்குப் போனால் புது உடை மாற்ற வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் டூட்டிக்கு வருகிற செவிலியர்கள் உண்டு. தலைவலி, எரிச்சல் எல்லாம் இப்படித்தான் சேர்கின்றன. இதை மனவலிமைக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். முதலில் வெளிக் கையுறை, பிறகு தலையிலிருந்து, உள்பக்கம் வெளியே வரச் சுருட்டி உடை, பிறகு கண்ணாடி, அறையை விட்டு வந்தபின் என்95 முகக்கவசம், பின்பட்டையைப் பிடித்து. ஒவ்வொரு படிக்கும் கை சுத்தம். களைத்தவர் முகக்கவசத்தை முன்பக்கம் பிடித்து இழுத்துவிடுவார். அப்புறம் வீட்டில் குழந்தையைத் தூக்கவே பயம். எதிரே நின்று படிப்படியாகச் சொல்ல ஓர் ஆள் கட்டாயம்.

நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதுங்கள். நோயாளிக்கும் சக ஊழியருக்கும் அடையாளம் தெரியும். 4 மணி நேர ஷிப்டுக்கு வாங்கலாம். 8 மணி நேரத்துக்கு வேண்டாம்.