பார்ட்டிஷனை நகர்த்தியதும் பூட் ஆகவில்லையா? மூன்று வழிகள், எது எப்போது

லினக்ஸ் கணினியில் ஜிபார்ட்டட் என்ற கருவியால் பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) இடம் மாற்றிவிட்டு மறுபடி பூட் செய்தால், சில நேரம் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வந்து நிற்கும். பதற வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். லினக்ஸை ஏற்றிவிடும் நிரலான கிரப், அவற்றைத் தேடிப் போகும் முகவரிதான் பழையது.

வெறுமனே நகர்த்துவதால் பார்ட்டிஷனின் யூயூஐடி (அதன் தனி அடையாளக் குறி) மாறாது. எண்தான் மாறலாம். லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்றை அழித்தால் 6 என்றிருந்தது 5 ஆகிவிடும். பயாஸ் என்ற பழைய ஃபர்ம்வேர் (கணினியை முதலில் கிளப்பும் உள்நிரல்) உள்ள கணினியில் கிரப்பின் முதல் துண்டு வட்டின் முதல் 512 பைட் செக்டாருக்குள்ளும், அடுத்தது முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள இடைவெளியிலும் இருக்கும். அங்கே 6 என்று பதிந்திருந்தால் கிரப் 6-ஐத்தான் தேடும்.

முதல் வழி, அந்த ரெஸ்க்யூ திரையிலேயே சரி செய்வது. ‘எல்எஸ்’ கொடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகப் பார்த்து, கிரப் கோப்புறை இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் ரூட் (அந்தப் பார்ட்டிஷன்), ப்ரிஃபிக்ஸ் (கிரப் கோப்புறையின் பாதை) இரண்டையும் ‘செட்’ செய்து, ‘இன்ஸ்மாட் நார்மல்’, ‘நார்மல்’ என்று அடித்தால் வழக்கமான மெனு வந்துவிடும். யூஎஸ்பி வேண்டாம், இணையம் வேண்டாம். ஆனால் வட்டில் எதுவும் எழுதப்படாது. உள்ளே போனதும் கிரப்பை மறுபடி நிறுவும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஓட்டாவிட்டால் அடுத்த முறையும் இதே திரைதான்.

இரண்டாவது, லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸில்) பூட் செய்து சிஎச்ரூட் போடுவது, அதாவது அங்கிருந்தே வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழைவது. நான் நம்புவது இதைத்தான். ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பிரிவை) மவுண்ட் செய்து, பூட்டும் இஎஸ்பியும் (யூஇஎஃப்ஐ கணினியின் பூட் பிரிவு) தனியாக இருந்தால் அவற்றையும் சேர்த்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் கோப்புறைகள் மூன்றையும் பைண்ட் செய்துவிட்டு (அதற்குள் இணைத்துவிட்டு) உள்ளே போக வேண்டும். பயாஸ் கணினி என்றால் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு வட்டின் பெயரைக் கொடுங்கள்: எஸ்டிஏ, எஸ்டிஏ1 அல்ல. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் உள்ள கணினி என்றால் யூஎஸ்பியும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபர்ம்வேரில் பூட் பதிவை எழுத முடியாது. கடைசியில் கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப்.

இந்த வழியின் பெரிய லாபம், கிரப்பைத் தாண்டிய கோளாறுகளையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம் என்பது. ஸ்வாப்பை (நினைவகத்துக்குத் துணையான பார்ட்டிஷனை) அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் அதன் யூயூஐடி மாறியிருக்கும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் பழையதே இருந்தால், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்துக் கிடக்கும். பலர் இதைக் கிரப் கோளாறு என்று நினைத்து கிரப்பையே திரும்பத் திரும்ப நிறுவுகிறார்கள். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமை) அமைப்பில், ஸ்வாப்பைச் சுட்டும் ‘ரெஸ்யூம்’ வரியையும் பாருங்கள்.

மூன்றாவது, பூட் கோளாறைத் தானே சரிசெய்யும் பூட்-ரிப்பேர் என்ற கருவி. உபுண்டு ஒன்று மட்டும் உள்ள சாதாரண கணினிக்கு ஒரே பொத்தானில் வேலை முடியலாம். இரண்டு மூன்று லினக்ஸ் இருக்கும் வட்டில் நான் அதை அழுத்த மாட்டேன். எந்த லினக்ஸின் கிரப் முன்னால் வர வேண்டும் என்பது என் முடிவாக இருக்க வேண்டும். அது தரும் அறிக்கை மட்டும் எல்லோருக்கும் உதவும்.

லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் கதை வேறு. கெர்னல் ஏறியபின் ரூட் கிடைக்காமல் ‘மவுண்ட்ரூட்’ என்று நின்றால், ரூட் பார்ட்டிஷனின் புதுப் பெயரை அங்கேயே அடித்து உள்ளே போய் எஃப்எஸ்டேபைத் திருத்தலாம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நகர்த்தாமல் பிரதி எடுத்துப் பழையதையும் விட்டுவைத்திருந்தால், இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். அப்போது மூன்று வழிகளிலுமே தவறான பார்ட்டிஷன் பூட் ஆகலாம். முதலில் யூயூஐடிகளைக் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒரே யூயூஐடி இரண்டு இடத்தில் வந்தால், ஒன்றை மாற்றிவிட்டுத்தான் கிரப்பில் கை வைக்க வேண்டும்.