ஆண்களுக்கான விந்தணு பரிசோதனை - வீட்டுக் கிட், லேப் டெஸ்ட், டிஎன்ஏ டெஸ்ட்: எதை முதலில் செய்வது?

குழந்தை தள்ளிப்போனால் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவர் லேபுக்குப் போகிறார். இது அநியாயம். இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

ஆன்லைனில் கிடைக்கும் வீட்டுக் கிட்கள் பெரும்பாலும் விந்தணு எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். அணுக்கள் நீந்துகின்றனவா, வடிவம் சரியா என்பது தெரியாது. 'நார்மல்' என்று வந்ததை நம்பி ஒரு வருடத்தைக் கடத்திவிடுவதுதான் இதில் ஆபத்து.

என் ஓட்டு லேபில் செய்யும் செமன் அனாலிசிஸுக்கு, அதாவது விந்துப் பரிசோதனைக்கு. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கே தப்பாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ் எல்லை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.6 கோடி அணுக்கள், முன்னேறி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆமாம், வெறும் 4தான்! ரிப்போர்ட்டில் '96 சதவீதம் குறைபாடு' என்று பார்த்துப் பதறுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் அப்பாவாகப் போகும் ஆண்களிலேயே 100க்கு 5 பேர் ஒவ்வோர் அளவிலும் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள். எல்லைக்குக் கீழே போனாலே மலட்டுத்தன்மை என்று அர்த்தமில்லை.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இந்த மாத எண்ணிக்கையைக் குறைக்கும். குறை தெரிந்தால் இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

அடுத்து, விந்தணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏவின் சிதைவைப் பார்க்கும் டெஸ்ட். விலை அதிகம். கரு திரும்பத் திரும்பக் கலைந்தால் உதவலாம். ஆனால் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலே முதல்கட்டப் பரிசோதனையில் இதைச் சேர்க்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே எழுதிக் கொடுத்தால் 'ஏன் டாக்டர்?' என்று கேளுங்கள்.

சரி, விந்தணு பூஜ்யம் என்று வந்தால்? உடனே விரையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு ஓட வேண்டாம். எஃப்எஸ்ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும், டாக்டர் கையால் விரைகளைத் தொட்டுப் பார்ப்பதுமே பெரும்பாலும் போதும். எஃப்எஸ்ஹெச் அதிகம், விரை சிறிது என்றால் உற்பத்தியில் கோளாறு. இரண்டும் நார்மலாக இருந்தால் விந்தணு வெளியே வரும் வழியில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.