மண்டப அறையா, லாட்ஜா?

முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் நிரம்பி வழியும். எனக்கும் அங்கேதான் கல்யாணம். தங்குவது எங்கே என்று கேட்பவர்களுக்காக:

செலவு: மண்டப அறை பெரும்பாலும் மண்டப வாடகையிலேயே அடங்கும். மதுரைக்குள் லாட்ஜ் என்றால் வேன் செலவும் சேரும்.

அலங்காரம்: 6 மணி முகூர்த்தத்துக்கு 3 மணிக்கே பூ ஜடை வைக்க உட்காரணும். மண்டபத்தில் ஒரே கண்ணாடி, பாத்ரூம் வாசலில் சித்தி, அத்தை வரிசை. லாட்ஜில் நிம்மதிதான், ஆனால் முகூர்த்தப் புடவை மாற்ற எப்படியும் மண்டப அறை வேண்டும்.

தூக்கம்: லாட்ஜ்தான். மண்டபத்தில் சமையல்கட்டுச் சத்தம் ஓயாது.

பெண்ணும் அம்மாவும் மண்டபத்தில் தங்குங்கள். தாத்தா பாட்டிக்கு லாட்ஜ். லிஃப்ட், வெந்நீர், வெஸ்டர்ன் டாய்லெட் மூன்றையும் கேட்டபிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.