சேமிக்கும்போதே நிரல் துப்புரவு: ரஃப் கருவியோடு எட்டு மாதங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக, எந்த நூல் எந்த நிட்டிங்குக்குப் போனது, சாயப்பட்டறையிலிருந்து எத்தனை கிலோ துணி திரும்பி வந்தது, தையல்காரருக்கு இந்த வாரம் எவ்வளவு கூலி என்பதையெல்லாம் கணக்கு வைக்கும் பைத்தான் மென்பொருளை, கோவை சரவணம்பட்டியில் ஐந்து பேராக இருந்து பராமரித்து வருகிறோம். பல கைகள் மாறி வந்த நிரல் என்பதால் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு பாணியில் இருந்தது. அதைச் சீராக்க, கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் பின்னணியில் துப்புரவு நடக்கும்படி நிரலில் பிழை காட்டி வடிவத்தையும் சீராக்கும் ரஃப் (Ruff) என்ற கருவியை, நாங்கள் நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் (VS Code) இணைத்தோம். எட்டு மாதப் பயன்பாட்டில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ரஃப், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு 2022-இல் வெளிவந்த கருவி. அஸ்ட்ரல் நிறுவனம் இதை உருவாக்குகிறது. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிழை காட்டும் வேலையோடு தொடங்கி, 2023 அக்டோபரில் நிரலை வடிவமைக்கும் பகுதியும் சேர்ந்தது. முன்பு பிழை காட்டும் ஃபிளேக்8, வெளி நிரல்களை அழைக்கும் வரிகளை அடுக்கும் ஐசார்ட், வடிவமைக்கும் பிளாக் என்று மூன்று கருவிகளுக்குத் தனித்தனியாக அமைப்பு எழுதிவைத்த இடத்தில், இப்போது ஒரே கோப்பில் சில வரிகள் போதும். பழைய கருவிகளைவிட 10 முதல் 100 மடங்கு வேகம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் எங்களுடைய 8 ஜிபி கணினியில்கூடச் சேமித்த பிறகு காத்திருந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை. பின்னணியில் ஓடும் கருவிக்கு இதுவே முதல் தகுதி என்பேன், ஏனென்றால் தாமதப்படுத்தும் துப்புரவை யாராவது ஒருவர் ஒரே வாரத்தில் அணைத்துவிடுவார்.

வேகத்தைவிட நான் மதிப்பது, திருத்தங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று அது இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைத்தான். நிரலின் பொருள் மாறக்கூடிய திருத்தத்தை நாம் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய அது செய்வதில்லை. இருந்தாலும் இந்தப் பிரிவினையை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதை, தொடங்கிய இரண்டாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கற்றுக்கொண்டோம்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளி இரவே தயாராகியிருக்க வேண்டிய கூலிப் பட்டியல் வரவில்லை என்று காலையில் கம்பெனிக் கணக்காளர் அழைத்தார். தேடிப் பார்த்ததில், கூலிக் கணக்கு மாட்யூலை (தனிக் கோப்பில் உள்ள நிரல் பகுதியை) இம்போர்ட் செய்யும், அதாவது இன்னொரு கோப்புக்குள் கொண்டுவரும், ஒரு வரி காணாமல் போயிருந்தது. அந்த மாட்யூல் ஏற்றப்பட்டவுடன் தன்னைத் தானே வேலைப் பட்டியலில் பதிவு செய்துகொள்ளும். அதன் பெயரைக் கோப்பில் வேறெங்கும் பயன்படுத்தாததால், பயனற்ற இம்போர்ட் என்று கணக்கிடப்பட்டு, சேமித்த நொடியில் நீங்கிவிட்டது. "அண்ணா, அந்த ஃபைல்ல ஒரு எழுத்துப் பிழையைத்தான் திருத்தினேனுங்க, அந்த லைனைத் தொடவே இல்லைங்க" என்றார் அதைக் கடைசியாகச் சேமித்த தம்பி. அவர் சொன்னது முழு உண்மை. பயனற்ற இம்போர்ட்டை நீக்குவது, டண்டர் இனிட் (__init__.py) என்ற, நிரல் தொகுப்பின் தொடக்கக் கோப்பைத் தவிர மற்ற இடங்களில் பாதுகாப்பான திருத்தம் என்று கருவியின் ஆவணமே சொல்கிறது. அதைப் படிக்காமல் இயக்கியதும், இம்போர்ட்டின் பக்கவிளைவை நம்பி நிரல் எழுதியதும் எங்கள் தவறு. தையல் முடிந்த பனியனில் பிசிர் வெட்டுகிற அம்மா, தொங்குவது பிசிரா அல்லது தையல் நூலின் முனையா என்று துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் கத்தரியை வைப்பார். கருவியால் துணியைத் திருப்பிப் பார்க்க முடியாது.

அன்றைக்கே எஃப்401 என்ற அந்த விதியைத் தானாகத் திருத்தக் கூடாத விதிகளின் பட்டியலில் சேர்த்தோம். இப்போது பயனற்ற இம்போர்ட் எச்சரிக்கையாக மட்டும் தெரிகிறது, நீக்குவது மனிதர் கையில் இருக்கிறது. இதனால் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. முதலில் இம்போர்ட் வரியை எழுதிச் சேமித்துவிட்டு, கீழே போய் அதைப் பயன்படுத்தும் வரியை எழுதுவதற்குள் மேலே எழுதியது மறைந்துபோவது எங்கள் எல்லோரையும் எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது.

எடிட்டரின் அமைப்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேமிக்கும்போது நடக்கும் திருத்தங்களுக்கு "எக்ஸ்ப்ளிசிட்", "ஆல்வேஸ்" என்று இரு நிலைகள் உள்ளன. முன்னதில் நாமே சேமித்தால்தான் துப்புரவு நடக்கும். பின்னதில், வேறு சன்னலுக்கு மாறும்போது தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்தால் அப்போதும் நடக்கும். பாதி எழுதிய நிரலை விட்டுவிட்டு உலாவியில் ஒன்றைப் பார்த்துத் திரும்புவதற்குள் வரிகள் இடம் மாறியிருப்பது யாருக்கும் பிடிப்பதில்லை. எக்ஸ்ப்ளிசிட் நிலையையே பரிந்துரைக்கிறேன்.

பழைய நிரலுக்கு இதைக் கொண்டுவருகிறவர்கள், நாங்கள் செய்ததுபோல் கோப்பு கோப்பாகச் சேமித்துச் சீராக்க வேண்டாம். கூலி வரி நீங்கியதை மறுபார்வையில் யாரும் காணாததற்குக் காரணம், அதைச் சுற்றி மேற்கோள் குறியும் வரி முறிப்புமாக ஏராளமான மாற்றங்கள் குவிந்திருந்ததுதான். முழு நிரலையும் ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) வடிவமைத்துவிட்டு, அந்தக் கமிட்டை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் கணக்கில் எடுக்காதபடி ஒதுக்கிவிடலாம். இந்த வசதி 2019-இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எல்லாக் கணினியிலும் ஒரே ரஃப் பதிப்பு ஓடும்படி தேவையான பதிப்பை அமைப்புக் கோப்பில் குறித்துவிடுவதும் அவசியம்.

நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வரிக்கு 88 எழுத்து அகலம் என்ற இயல்பு அளவைத் தாண்டினாலும், வடிவமைப்பான் குறிப்புகளையும் நீண்ட உரைச் சரங்களையும் முறித்துப் போடுவதில்லை. "சாயம் இறங்கிய துணிக்குக் கழிவு" என்று தொடங்கும் எங்கள் நீண்ட குறிப்பு அப்படியே இருக்கிறது.

ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் எந்தப் பைத்தான் திட்டத்துக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எனக்குள்ள ஒரே மனக்குறை, சேமிக்கும்போது எந்த வரி நீங்கியது என்று எடிட்டர் வாய்விட்டுச் சொல்லாததுதான். கிட்டில் உள்ள கோப்பாக இருந்தால், நீங்கிய வரி இருந்த இடத்தின் இடது ஓரத்தில் சிறிய சிவப்பு முக்கோணம் ஒன்று விழுகிறது. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளிலேயே அந்த முக்கோணத்தைக் காட்டிக்கொடுக்கிறோம்.