பார்ட்ஸ் லிஸ்டில் வெறும் '14' என்று போட்டார்கள், பதினோரு டியூப் வீணாக வந்து இறங்கியது

வெளியில் ஆள் வைத்து கேட் (CAD, கணினியில் வரைவது) டிராயிங் போட்டு வாங்குகிறவர்கள், கடைசித் தவணையை அனுப்பும் முன் பார்ட்ஸ் லிஸ்டில், அதாவது எந்தப் பாகம் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலில், குவான்டிட்டி என்கிற ஒரே ஒரு நெடுவரிசையை மட்டுமாவது நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை. படம் அழகாக இருந்தது, வெல்டிங் குறிகள் சரியாக இருந்தன, பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஒரு சின்ன கன்வேயருக்கு அடிச்சட்டம் தேவைப்பட்டது. எங்களிடம் வடிவமைக்க ஆள் இல்லாத நேரம், அதனால் இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு டிராஃப்டிங் குழுவிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மாடல், டிராயிங், 'கொள்முதலுக்குத் தயாரான பார்ட்ஸ் லிஸ்ட்', எல்லாம் ஐஎஸ்ஓ தரத்தில் என்று சொன்னார்கள். (பார்ட்ஸ் லிஸ்டுக்கென்றே ஐஎஸ்ஓ 7573 என்று ஒரு தரம் இருக்கிறது. பின்னால் சண்டை வந்தபோது எந்த ஐஎஸ்ஓ என்று கேட்டேன், பதிலே இல்லை.) சொன்ன நாளில் பிடிஎஃப்பும், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய மாடலான ஸ்டெப் ஃபைலும் வந்துவிட்டன.

லிஸ்டில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: சதுர டியூப் 40×40×3, குவான்டிட்டி 14. அவ்வளவுதான். 14 என்ன? துண்டா, மீட்டரா, முழு நீளமா? அலகு எங்கேயும் இல்லை. எங்கள் பர்ச்சேஸ் பார்க்கும் தம்பிக்கு டியூப் என்றால் ஆறு மீட்டர் முழு நீளம்தான், எந்த சப்ளையரும் அப்படித்தானே விற்கிறார், அவர் 14 முழு நீளம் ஆர்டர் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உண்மையில் அந்த 14 என்பது வெட்டிய துண்டுகளின் எண்ணிக்கை. 950 மி.மீ. கால் நான்கு, 1800 மி.மீ. நீளவாட்டுச் சட்டம் நான்கு, 720 மி.மீ. குறுக்குச் சட்டம் ஆறு. மூன்று நீளத்துக்கும் ஒரே பார்ட் நம்பர் கொடுத்திருந்ததால் மென்பொருள் மூன்று வரியையும் ஒன்றாகச் சேர்த்து, மொத்தம் 14 என்று எண்ணிக் காட்டிவிட்டது. கூட்டிப் பார்த்தால் 3800, 7200, 4320, ஆக மொத்தம் 15,320 மி.மீ., அதாவது 15.32 மீட்டர். இதற்கு மூன்று டியூப் போதும். முதல் டியூபில் 1800 மூன்று, இரண்டாவதில் 1800 ஒன்றும் 950 நான்கும், மூன்றாவதில் 720 ஆறு, ரம்பம் தின்கிற இரண்டு மூன்று மி.மீ. போகவும் மிச்சம் இருக்கும். மூன்று வேண்டிய இடத்தில் பதினான்கு. ஒரு முழு நீளம் ஏறத்தாழ 20 கிலோ, அப்படியானால் தேவையே இல்லாத 220 கிலோ இரும்பை வண்டிக் கூலி கொடுத்து இறக்கியிருக்கிறோம்.

இதே லிஸ்டில் 8 மி.மீ. நியூமேட்டிக் ஹோஸுக்கு (அழுத்தக் காற்று போகும் குழாய்) குவான்டிட்டி 1. நல்லவேளை, அந்த சப்ளையர் போன் செய்து, "சார், ஒன்று என்றால் ஒரு ரோலா, ஒரு மீட்டரா?" என்று கேட்டார். தேவை 23 மீட்டர். மாடலில் ஹோஸ் மொத்தத்தையும் ஒரே பார்ட்டாக வரைந்திருந்ததால் எண்ணிக்கை ஒன்று. ஹோஸ் 1 என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். டியூப் 14 என்றால் யாருக்கும் வராது, அதுதான் என்னை மாட்டிவிட்டது.

சரி, தவறு நடப்பது சகஜம், சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள் என்று எழுதினேன். வந்த பதில்: "அது சாஃப்ட்வேர் தானாகப் போடும் எண், அலகு வேண்டும் என்று நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை, திருத்துவது ரிவிஷன் கணக்கில் வரும்." கொள்முதலுக்குத் தயாரான லிஸ்ட் என்று விற்றுவிட்டு, அதில் அலகு போட தனியாகக் காசு! சண்டை போட நேரமில்லாமல் அதையும் கட்டினேன். இதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம்.

இரண்டே மணி நேரத்தில் புது பிடிஎஃப் வந்தது. டியூப் 15.32 மீ. என்று இருந்தது. ஹோஸ் 23 மீ. என்று இருந்தது. அப்பாடா என்று மூடப் போனவன் கண்ணில் இன்னொரு வரி பட்டது: பாதுகாப்புத் தடுப்பின் (கார்டு) ஓரத்துக்கான ரப்பர் ஸ்ட்ரிப், குவான்டிட்டி 0 மீ. சுழியம் மீட்டர் ரப்பரை எப்படி வாங்குவது? அந்த ஸ்ட்ரிப் 450 மி.மீ., மீட்டரில் 0.45. தசம இடம் சுழியம் என்று வைத்து மீட்டரில் காட்டியதால் முழு எண்ணாகி 0 ஆகிவிட்டது. இதே 550 மி.மீ. ஆக இருந்திருந்தால் 1 மீ. என்று காட்டியிருக்கும்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஒரே நெடுவரிசைக்கு ஒரே தசம அமைப்புதான் இருக்கும். ரப்பரில் தசமமே இல்லை என்றால் டியூபில் மட்டும் 15.32 என்று இரண்டு இடம் எப்படி வந்தது? யாரோ கையால் டைப் செய்திருந்தால்தான் வரும்.

மாடலின் மூல ஃபைலைக் கேட்டேன். தர மாட்டோம் என்றார்கள், பிறகு ஒப்பந்தத்தில் 'மாடல்' என்று எழுதியிருப்பதைக் காட்டியதும் அரை மனதோடு அனுப்பினார்கள். இன்வென்டர் என்ற கேட் மென்பொருளில் செய்திருந்தார்கள். திறந்து, காலின் நீளத்தை 950-லிருந்து 1100 ஆக மாற்றி, அப்டேட் கொடுத்து, டிராயிங்கைப் பார்த்தேன். மொத்தம் 15.92 ஆகியிருக்க வேண்டும். 15.32 அப்படியே அசையாமல் நின்றது. லிஸ்ட்டை எடிட் செய்யத் திறந்தால் அந்தக் கட்டம் மட்டும் வேறு நிறத்தில், மாடலிலிருந்து வராமல் மேலே எழுதி ஒட்டிய எண். இரண்டு மணி நேர ரிவிஷன் என்று காசு வாங்கியது, இரண்டு கட்டங்களில் எண்களை டைப் செய்ததற்கு. முதல் தடவை விட்டது கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டாவது சுத்தமான ஏமாற்று வேலை, ஏனென்றால் நாளைக்கு டிசைன் மாறினால் லிஸ்ட் பொய் சொல்லும், அது பொய் என்பதும் யாருக்கும் தெரியாது.

இதைச் சரியாகச் செய்வது பெரிய வித்தையும் இல்லை, அதுதான் எரிச்சல். இன்வென்டரில் அந்த பார்ட்டைத் திறந்து டாக்குமென்ட் செட்டிங்ஸில் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பிஓஎம், பொருள் பட்டியல்) டேபுக்குப் போனால் பேஸ் குவான்டிட்டி என்று இருக்கும். சாதாரண பார்ட்டுக்கு அது 'ஈச்' என்று, அதாவது எண்ணிக்கை என்று இருக்கும். போல்ட், பேரிங், மோட்டாருக்கு அதுதான் சரி. டியூப், ஹோஸ், ரப்பர் போன்றவற்றுக்கு அங்கே நீளத்துக்கான பாராமீட்டரை (மாடலில் பெயர் வைத்த அளவு) தேர்ந்தெடுத்து, பேஸ் யூனிட்டில் மீட்டரோ மி.மீ.-ஓ வைக்க வேண்டும். அதற்கப்புறம் ஐட்டம் குவான்டிட்டி எத்தனை துண்டு என்று சொல்லும், யூனிட் குவான்டிட்டி ஒரு துண்டு எவ்வளவு என்று சொல்லும், குவான்டிட்டி இரண்டின் பெருக்கல். ஒரே பார்ட் நம்பரில் வரிகள் சேர்ந்தாலும் நீளங்கள் கூடி வரும். இன்வென்டரிலேயே சட்டம் போடுவதற்கென்று இருக்கும் ஃபிரேம் ஜெனரேட்டரில் செய்திருந்தால் இந்த வேலைகூட இல்லை, ஜி_எல் என்ற நீள பாராமீட்டரை அதுவே பேஸ் குவான்டிட்டியாக வைத்துக்கொள்ளும். இவர்கள் அதையும் பயன்படுத்தாமல் ஒவ்வொரு டியூபையும் தனியாக வரைந்து நீட்டி (எக்ஸ்ட்ரூட்) செய்திருந்தார்கள்.

நானே உட்கார்ந்து செய்தேன். மூன்று டியூப் ஃபைல், ஹோஸ் ஒன்று, ரப்பர் ஒன்று, ஆக ஐந்து ஃபைல். கையால் எழுதிய எண்களை நீக்கியதும் 15.92 வந்து நின்றது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் வேலை செய்கிறவர்களிடம் வாங்கினாலும் இதே குழிதான், இடம் மட்டும் வேறு. அங்கே ஃபைல் ப்ராப்பர்டீஸில் கஸ்டம் டேபில் பிஓஎம் குவான்டிட்டி என்று ஒரு பெட்டி, தொடாமல் விட்டால் 'நன்' (None, எதுவுமில்லை) என்றே இருக்கும், எண்ணிக்கைதான் வரும். நீளத்துக்கான ப்ராப்பர்டியை அதில் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்று, அந்த எண் பார்ட் ஃபைலின் அலகில் வரும், பக்கத்தில் மி.மீ. என்றெல்லாம் தானாக ஒட்டிக்கொண்டு வராது. ஒருவர் அங்குலத்தில் வரைந்த பார்ட்டை உள்ளே சொருகியிருந்தால் 1800 என்று வர வேண்டியது 70.87 என்று வந்து நிற்கும்.

"எங்களிடம் ஸ்கிரிப்ட் இருக்கிறது, லிஸ்ட் தானாக வந்துவிடும்" என்கிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை. இன்வென்டர் உள்ளுக்குள் நீளத்தை சென்டிமீட்டரில்தான் வைத்திருக்கிறது. ஏபிஐ (ஸ்கிரிப்ட் மென்பொருளோடு பேசும் வழி) வழியாக மதிப்பை நேரடியாக எடுத்து அப்படியே எழுதினால் 1800 மி.மீ. என்பது 180 ஆக வரும். பத்து மடங்கு பிசகு. அப்புறம் எக்செல். நான் சரிபார்க்க லிஸ்ட்டை எக்செலுக்கு எடுத்து, நீளங்கள் இருந்த நெடுவரிசைக்கு சம் போட்டால் 0 வந்தது. ஒரு நிமிடம் தலையே சுற்றிவிட்டது. எண்ணோடு மி.மீ. என்ற எழுத்தும் ஒட்டியிருந்ததால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 15.32 மீ. என்று லிஸ்ட் சரியாக வந்திருந்தால்கூட அது வாங்க வேண்டிய அளவு இல்லை. ஆறால் வகுத்தால் 2.55, முழு எண்ணாக்கினால் மூன்று. அந்த மூன்று போதுமானது, இந்த நீளங்கள் மூன்று டியூபுக்குள் தற்செயலாக நன்றாக அடங்கியதால்தான். எல்லாத் துண்டும் 3.1 மீட்டர் என்றிருந்தால் ஒரு டியூபுக்கு ஒன்றுதான் கிடைக்கும், மீதி எல்லாம் கழிவு. அதனால் மொத்த மீட்டரோடு வெட்டு நீளப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நான் வேலை கொடுக்கும்போது மூல ஃபைல் வேண்டும், ஒவ்வொரு வரியிலும் அலகு வேண்டும், லிஸ்டில் கையால் எழுதிய எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். வந்ததும் ஏதாவது ஒரு நீளத்தை மாற்றிப் பார்க்கிறேன். லிஸ்ட் அசைந்தால்தான் பணம். பெயிண்ட், கிரீஸ், பசை மாதிரி மாடலில் வரையவே முடியாதவற்றுக்கு மட்டும் கையால் எழுதுவதில் ஆட்சேபம் இல்லை, அதிலும் லிட்டரா கிலோவா என்று இருக்க வேண்டும்.

அவர்களுக்கு எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி ரிவிஷன் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மாடலை நீங்கள் மாற்றினால் லிஸ்ட் மாறாததற்கு நாங்கள் பொறுப்பில்லை சார்" என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி, போனையும் எடுப்பதில்லை. டியூப் சப்ளையரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். மிஞ்சிய பதினொன்றில் இரண்டை வேறு வேலைக்கு வெட்டிவிட்டோம், ஒன்பது இன்னும் ஷெட் சுவரில் சாய்ந்து நிற்கிறது. 40×40, 3 மி.மீ. தடிமன், ஆறு மீட்டர், ஒன்பது 'நம்பர்'. யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.